பாலையில் ஒரு நகர்

சென்ற சனிக்கிழமை மாலை எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓர் அன்னையார் வந்தார். எம்மிடம் கற்றுப் பின்னர் பட்டமும் பெற்ற மாணவன் ஒருவனின் தாயார் அவர். மகனுக்கு மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் இடங் கிடைத்திருக்கின்றது. உதவிப் பணமும் உண்டு. அயலவர் யாவரும் மகிழ்ந்த செய்தி அது. ஆயினும் அன்னையாரின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். விறாந்தையில் அமர்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமலே அவர் பேசத் தொடங்கினார்.

"மாஸ்டர், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். என்ரை பிள்ளை படிக்கப் போறது தண்ணியைப் பற்றின படிப்பாம். போற ஊரோ பாலைவனமாம். தண்ணியைப் படிக்கிறவன் தண்ணியில்லாத ஊருக்கு ஏன் போறான்? ஊரின்ரை பேரிலையே தூசு இருக்குது!"

ஊரின் பெயர் தூசான். நாம் சிரித்துவிட்டோம், அவர் சிரிக்கவில்லை. சிந்தித்துப் பார்த்தால் அவருடைய கேள்வி நியாயமானதே. நீரியல் கற்க விரும்புகின்றவன் பேராறுகள் பாயும் நாட்டுக்கன்றோ செல்லவேண்டும்? அன்று அவருக்கு நாம் கூறிய விடையைச் சற்று விரித்து இவ்வாரம் எழுதுகின்றோம். பிள்ளைகளைத் தூரதேசத்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும், போக நினைக்கும் மாணவருக்கும் இது பயன்படக்கூடும். நாம் அந்நகரைக் கண்ணாற் கண்டவரல்லோம். எமது பழைய மாணவர் ஒருவர் அங்கே மூன்றாண்டு வாழ்ந்து எழுதிய கடிதங்களும், அவர் தூண்டுதலால் நாம் தேடிப் படித்த நூல்களுமே எமக்கு ஆதாரம்.

பாலை என்றதும் தமிழர் மனத்தில் எழுவது பிரிவு. ஐந்திணையுள் பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவென்பதைப் பாடசாலைப் பிள்ளையும் அறியும். தலைவனுடன் சுரங் கடந்து சென்ற மகளை நினைந்து தாய் வருந்தும் பாட்டுக்கள் சங்க நூல்களிற் பல. எம்முன் அமர்ந்திருந்த அன்னையாரும் அம்மரபில் வந்தவரே. ஆனால் அதே தமிழ் மரபு வேறோர் உண்மையையுங் கூறுகின்றது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது அவையே பாலையென்னும் வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. நல்ல நிலமும் பாலையாகலாம் என்பது இதனாற் பெறப்படும். பேணுவார் உளராயின் பாலையும் நல்ல ஊராகலாம் என்பதற்குத் தூசான் சாட்சி.

கருங்குன்றின் அடிவாரம்

தூசான், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லைக்குச் சுமார் 60 மைல் வடக்கே உள்ளது. சொனோரப் பாலைவனத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,400 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகர எல்லைக்குள் வாழ்வோர் 5,42,000 பேருக்கு மேல். அப்பெயருக்கும் எமது தூசுக்கும் யாதோர் உறவுமில்லை. அந்நிலத்தின் ஆதிக்குடிகளான ஓதாம் மக்களின் மொழியிலே கருங்குன்றின் அடிவாரம் என்னும் பொருள்படும் சொல் ஒன்று, ஸ்பானியர் நாவிலும் பின்னர் ஆங்கிலம் பேசுவோர் நாவிலும் புகுந்து தூசான் எனத் திரிந்தது. யாழ்ப்பாணம் 'ஜப்னா' ஆனதை அறிந்த எமக்கு இது புதுமையன்று.

ஸ்பானியர் அங்கே கோட்டை அமைத்தது 1775இல். ஆனால் ஊர் அதனினும் மிகப் பழையது. அப்பள்ளத்தாக்கிலே ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே சோளம் பயிரிட்டார்கள் என்பதையும், 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சினார்கள் என்பதையும் அகழ்வாராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பாலைவனம் என்றால் மனிதவாடையற்ற மணற்காடு என்று எண்ணியிருப்போர் இதனைச் சிறிது சிந்திக்கவேண்டும்.

வெயிலின் இயல்பு

"வெயில் தாங்குமோ பிள்ளைக்கு?" என்பது அன்னையாரின் அடுத்த கேள்வி.

கோடையில் அங்கே வெப்பம் 38 பாகை செல்சியசைப் பல நாட்கள் தாண்டுகின்றது. 40ஐக் கடப்பதும் வழக்கமே. கேட்கும்போதே நமக்கு வியர்க்கின்றது. ஆனால் உடலை வருத்துவது வெப்பம் மாத்திரமன்று, வியர்வை உலராமையுமே. வியர்வை ஆவியாகும்போது மறைவெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கின்றது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும், உடல் குளிராது. மண்பானைத் தண்ணீர் பங்குனி வெயிலிற் குளிர்ந்திருப்பதும், மாரிக்காலத்தில் அவ்வளவு குளிராதிருப்பதும் இக்காரணத்தாலேயே.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைக் கவனித்தல் நன்று. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியாற் சுற்றிக் காற்றுப்படும்படி வைத்தால், நீர் ஆவியாவதால் எவ்வளவு குளிர்ச்சி பெறலாம் என்பதை அது காட்டும். தூசானில் ஆனிமாதத்து நண்பகலில் 40 பாகை வெப்பமும் 10 வீத ஈரப்பதனும் இருப்பதாகக் கொள்வோம். ஈரக்குமிழ் காட்டுவது 19 பாகைக்குக் குறைவு. எமது கரையோர ஊர்களில் 32 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள நாளில் அதே குமிழ் காட்டுவது 28 பாகை. எனவே, குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் உள்ள ஒருவனுக்கு அந்த நாற்பது இந்த முப்பத்திரண்டைக் காட்டிலும் இலகுவாயிருத்தல் கூடும். நிழலும் நீரும் இல்லாதவனுக்கோ அது கூற்றுவனே. இவ்வேறுபாட்டைப் பின்னரும் பேசுவோம்.

இவ்வியல்பை அறிந்தே அரிசோனா மக்கள் 1930களில் ஒருவகைக் குளிர்ப்பெட்டியைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கினர். நார்த் தட்டியை நனைத்து அதனூடே விசிறியாற் காற்றை வீட்டுக்குள் இழுப்பதே அதன் முறை. நம்மவர் வெட்டிவேர்த் தட்டிக்கு நீர் தெளித்ததும் இதே தத்துவமே. மேலும் வறண்ட வானம் பகலிற் பெற்ற வெப்பத்தை இரவில் தாராளமாக விட்டுவிடுகின்றது. பகலுக்கும் இரவுக்கும் இடையே 14 அல்லது 15 பாகை வேறுபாடு சாதாரணம். மாரிக்காலமோ இதமான வெயிலும் தெளிந்த வானமுமாகக் கழிகின்றது.

எமது பழைய மாணவர் எழுதிய வரியொன்றை அன்னையாருக்கு வாசித்துக் காட்டினோம்: "சேர், அம்மா சொல்லித்தந்தபடி இங்கே மோர்மிளகாய் போட்டேன். ஊரில் நாலைந்து நாள் காயவைக்கிறது இங்கே ஒரு பகலிலும் மறுநாள் காலையிலும் காய்ந்து கலகலக்கின்றது. மூன்று வருடமாக என்னுடைய புத்தகங்களில் ஒன்றிலாவது பூஞ்சணம் பிடிக்கவில்லை." அன்னையாரின் முகத்தில் முதன்முறையாக ஒரு மெல்லிய சிரிப்புத் தோன்றிற்று.

நிலத்தின் செல்வம்

சொனோரப் பாலைவனம், உலகத்துப் பாலைநிலங்களுள் உயிர்வளம் மிக்கனவற்றுள் ஒன்று. ஆண்டுக்கு இருமுறை அங்கே மழை பெய்வது இதற்கு முக்கிய காரணம். மாரியில் மெல்லிய தூறல். கோடையின் பிற்பகுதியில் இடியும் மின்னலுமாய்ப் பெருமழை. இக்கோடை மழைக்காலத்தை அவர்களும் 'மொன்சூன்' என்றே அழைக்கின்றனர். அராபிய மாலுமிகள் எமது கடலின் பருவக்காற்றுக்கு வழங்கிய சொல் அவ்வளவு தூரஞ் சென்று குடியேறியிருக்கின்றது. முதல் மழை வீழ்ந்ததும் அங்குள்ள ஒருவகைப் பிசின்செடி நறுமணம் பரப்புமாம். எமக்கு மண்வாசனை எவ்வாறோ, அந்நகரத்தார்க்கு அம்மணம் அவ்வாறு. பிறவூர் சென்றவர்கள் அதனை நினைத்து ஏங்குவார்களாம்.

அந்நிலத்தின் அரசு சகுவாரோ என்னும் பெருங்கள்ளி. அது 40 அடிக்கு மேலும் வளர்வதுண்டு. 150 ஆண்டுக்கு மேல் வாழ்வதுமுண்டு. ஆனால் முதல் எட்டாண்டில் அதன் வளர்ச்சி ஓரிரு அங்குலமே. முள்மரம் ஒன்றின் நிழலிலே, வெயிலும் பனியும் படாமல் ஒதுங்கியே அது இளமையைக் கழிக்கின்றது. பக்கக்கிளை விடுவதற்கு அரை நூற்றாண்டோ அதற்கு மேலோ செல்லும். அதன் உடலிலே விசிறிமடிப்புப் போன்ற வரிகள் உள்ளன. மழை பெய்தால் அம்மடிப்புக்கள் விரிந்து நீரைக் கொள்ளும், வறட்சியிற் சுருங்கும். பெய்யும் நாளிற் சேர்த்துப் பெய்யாத நாளிற் செலவிடும் சிக்கனத்தை இதனினுந் தெளிவாகக் காட்டும் மரத்தை நாம் அறியோம். கோடையின் தொடக்கத்தில் அதன் பழத்தைக் கொய்து ஓதாம் மக்கள் பாகு காய்ச்சுகின்றனர். அவர்களுக்குப் புத்தாண்டு பிறப்பதும் அப்பழக் காலத்தோடேயே. சிறிது நீரிலே விளையும் தெப்பரி என்னும் பயறும், முள்மரக் காய்களின் மாவும் அவர்தம் பழைய உணவுகள். இத்தகைய நெடிய உணவு மரபு காரணமாகவே 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் தூசானை உணவுக் கலைக்குரிய நகரெனத் தெரிவு செய்தது. ஐக்கிய அமெரிக்காவில் அச்சிறப்பை முதன்முதற் பெற்ற நகர் இதுவே. வளமான கரையோர நகர்கள் எத்தனையோ இருக்க, அது பாலைநிலத்து நகருக்குக் கிட்டியது.

இருளைக் காத்த நகர்

வறண்ட காற்றும், மேகம் குறைந்த வானமும், சுற்றிலும் உயர்ந்த மலைகளும் வானாராய்ச்சிக்கு ஏற்றவை. தூசானிலிருந்து தென்மேற்கே சுமார் 55 மைலில் உள்ள கிற் பீக் மலை ஓதாம் மக்களுக்குப் புனிதமானது. 1950களில் விஞ்ஞானிகள் அதன்மீது தொலைநோக்கி நிறுவ அனுமதி கேட்டனர். ஊர்ப் பெரியோரைத் தூசானுக்கு அழைத்து, தொலைநோக்கியூடே சந்திரனைக் காணச் செய்தனர். கண்டவர்கள் 1958இல் இடங்கொடுக்க இசைந்தனர். அவ்விஞ்ஞானிகளுக்கு அவர்கள் இட்ட பெயர் நீண்ட கண்ணுடையோர் என்பது. அந்நகரின் சர்வகலாசாலை தலைமை தாங்கிய விண்கலமே பென்னு என்னும் சிறுகோளின் மண்ணை அள்ளி, 2023 செப்ரெம்பர் 24இல் பூமியிற் சேர்ப்பித்தது.

இதில் நாம் வியப்பது கருவிகளையன்று, நகரத்தாரின் மனப்பாங்கை. நகர் பெருகினால் விளக்கும் பெருகும். விளக்குப் பெருகினால் விண்மீன் மறையும். இதனை உணர்ந்து 1972இலேயே அவர்கள் வெளிவிளக்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினர். விளக்கின் ஒளி வீதியில் விழவேண்டும், வானத்தில் விழலாகாது என்பதே அதன் சாரம். இருளைக் காப்பதற்கென உலகளாவிய சங்கம் ஒன்று 1988இல் அந்நகரிலேயே பிறந்தது. ஐந்து இலட்சம் பேர் வாழும் ஊரின் புறத்தே நின்று பால்வீதியைக் காணும் பேறு பிள்ளைகளுக்கு வாய்ப்பது சிறிய காரியமா?

நீருக்குக் கணக்கு

இனி அன்னையாரின் முதற் கேள்விக்கு வருவோம். தூசானில் ஆண்டு மழை ஏறக்குறைய 11 அல்லது 12 அங்குலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறக்குறைய 50 அங்குலம், நான்கு மடங்கு. அவ்வாறாயின் எம்மிடம் வந்து அவர்களன்றோ நீரியல் கற்கவேண்டும்?

அந்நகரத்தார் பிறவியிலேயே சிக்கனர் அல்லர். நகரின் மேற்கே சாந்தாக் குரூஸ் என்னும் ஆறு ஒருகாலத்தில் ஓடிற்று. இயந்திரத்தால் நிலத்தடி நீரை வரம்பின்றி இறைத்தார்கள். நீர்மட்டம் கீழே கீழே இறங்க, ஆறு மணற்றடமாயிற்று. இறைக்குஞ் செலவை ஈடுசெய்ய நகரசபை நீர்க்கட்டணத்தை உயர்த்தியபோது மக்கள் சினந்து எழுந்தனர். 1977இல் உறுப்பினர் சிலர் பதவி இழந்தனர். ஆனால் கட்டணம் இறங்கவில்லை. ஏனெனில் கணக்குப் பிழையன்று. அதே ஆண்டிலே, கோடை மாலைகளில் தோட்டத்துக்கு நீர் விடுவதைக் குறைக்கும்படி நகரமெங்கும் பிரசாரம் தொடங்கிற்று. 1980இல் மாநில அரசு நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. 1984 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் தனிக் குழாய் வழியே அனுப்புகின்றனர்.

336 மைல் நீளமான கால்வாயொன்று கொலராடோ ஆற்றின் நீரை, சுமார் 2,900 அடி உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவந்தது. 1992இல் அந்நீரை வீடுகளுக்கு நேரே விட்டபோது பெரும் பிழை நேர்ந்தது. புதிய நீர் பழைய குழாய்களின் துருவை அரித்துக் கபில நிறமாய் வீட்டுக்குள் பாய்ந்தது, குழாய்கள் வெடித்தன. இரண்டு ஆண்டில் அதனை நிறுத்தினர். பின்னர் கண்ட வழி மிக எளியது. கால்வாய் நீரை அகன்ற குளங்களிற் பரப்பி, மண்ணூடே மெல்லக் கீழிறங்கி நிலத்தடி நீரோடு கலக்கவிட்டு, அதன்பின் இறைத்தனர். 2001 முதல் நகரம் குடிப்பது இக்கலப்பு நீரையே. நிலத்தைச் சேமிப்புக் கணக்குப் போலக் கொண்டு, தேவைக்கு மிஞ்சியதை அதிலே வைப்புச் செய்கின்றனர். மக்கள் தொகை பெருகியும், இன்று நகரம் வழங்கும் நீரின் அளவு 1980களில் வழங்கிய அளவை ஒட்டியே நிற்கின்றது. 2019இல் சுத்திகரித்த நீரைப் பழைய ஆற்றுத் தடத்திலே விட்டனர். நகரின் நடுவே மறுபடியும் நீர் ஓடக் கண்ட முதியோர் பாலத்தில் நின்று பார்த்தனராம்.

யாவற்றிலும் எம் மனத்தைக் கவர்ந்தது ஒரு தெருவின் கதை. பிராட் லங்காஸ்ரர் என்பவர் தம் வீட்டு வாசலிலே பெய்யும் மழை வீதியோரமாய் ஓடி வீணாவதைக் கண்டார். வீதியின் கரைக்கல்லை ஓரிடத்தில் அறுத்து, பக்கத்திலே பள்ளந் தோண்டி, மழைநீரை அதனுள் திருப்பி மரம் நட்டார். அக்காலத்தில் அது சட்டத்துக்கு மாறானது. மரங்கள் தழைத்தன, தெரு நிழல் பெற்றது, நகரசபை பின்னர் அம்முறையைச் சட்டபூர்வமாக்கிற்று. வணிகக் கட்டடங்கள் தம் தோட்டத்துக்கு வேண்டிய நீரிற் பாதியை மழையிலிருந்தே பெறவேண்டும் என்று 2008இல் விதியும் செய்தது. வீட்டுக்காரர் மழைத்தொட்டி அமைக்க 2012 முதல் பணவுதவியும் அளிக்கின்றது. லங்காஸ்ரர் இவ்வித்தையின் பெரும்பகுதியைச் சிம்பாப்வே நாட்டின் வறண்ட நிலத்து விவசாயி ஒருவரிடம் கற்றதாகக் கூறுகின்றார். நீரின் அருமையை நீரில்லாதவனிடமே கற்கவேண்டும் போலும்.

குறைகளும் உண்டு

நன்மையை மாத்திரம் எழுதித் தீமையை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. நாம் முன்னர்க் கூறிய நிழலற்றவர்கள் அங்கும் உளர். தூசானுக்கு வடக்கே உள்ள பீனிக்ஸ் நகரில் 2023ஆம் ஆண்டு கோடையில் 31 நாட்கள் தொடர்ந்து வெப்பம் 43 பாகையைத் தாண்டிற்று. அந்நகரைச் சூழ்ந்த மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தால் இறந்தோர் 600 பேருக்கு மேல். வீடற்றவர்களும், குளிர்ப்பெட்டி பழுதான முதியோருமே அவர்களுட் பலர். மண்ணில் வாழும் பங்கசு ஒன்று தூசியோடு நுரையீரல் புகுந்து காய்ச்சல் விளைவிப்பதும் உண்டு. கொலராடோ ஆறு வற்றி வர, 2021இல் மத்திய அரசு முதன்முறையாக நீர்த்தட்டுப்பாட்டை அறிவித்தது. நகர் எவ்வளவுக்கு வளரலாம் என்ற கேள்வி அவர்கள் முன் இன்றும் நிற்கின்றது.

மற்றொரு கதையும் உண்டு. சயரோகத்துக்கு மருந்தில்லாத காலத்தில் வறண்ட காற்றை நாடி நோயாளர் பலர் தூசானுக்கு வந்து கூடாரமிட்டு வாழ்ந்தனர். பின்னர் ஆஸ்துமாவும் தும்மல் நோயும் உடையோர் வந்தனர். வந்தவர்கள் தம் பழைய ஊரின் நினைவுக்காக மல்பெரி மரத்தையும் ஒலிவ மரத்தையும் புற்றரையையும் நட்டனர். அவற்றின் மகரந்தம் காற்றிற் பரவ, எந்நோய்க்கு அஞ்சி வந்தார்களோ அந்நோய் அங்கேயே அவர்களைப் பிடித்தது. இறுதியில் அம்மரங்கள் சிலவற்றின் விற்பனையையே தடைசெய்ய வேண்டியதாயிற்று. பாலையின் நன்மை பாலையைப் பாலையாக ஏற்பவனுக்கே கிட்டும். அதனைப் பழைய ஊராக்க முயல்பவன் இரண்டையும் இழப்பான்.

எமது கிணற்றடி

இவ்வளவுங் கேட்ட அன்னையார் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கடை கிணறு இப்ப சவராய்ப் போச்சு, மாஸ்டர். ஆறு வருசமாய்க் குடிக்கிறதுக்கு பவுசர்த் தண்ணிதான்" என்றார்.

அவர் சொன்னது ஒரு வீட்டுக் கதையன்று. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையின் இடுக்குகளிலே, உவர்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எமது முழுச் செல்வம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதன் களைக்கும்போது கிணறும் ஓய்ந்தது. இயந்திரம் களைப்பதில்லை. இறைத்த வேகத்துக்கு ஏற்ப உவர்நீர் மேலேறிற்று. பசளையும் மலக்குழிகளும் கிணறுகளில் நைத்திரேற்றைச் சேர்த்தன. குளங்களும் கேணிகளும் தூர்ந்தன. ஐம்பது அங்குல மழையில் ஒரு பெரும் பகுதி ஐப்பசி கார்த்திகையில் வெள்ளமாய் வீதியை மூடிப் பின் கடலைச் சேர்கின்றது. மாசியில் நாம் தண்ணீருக்குப் பவுசரை எதிர்பார்த்து நிற்கின்றோம். 2024இல் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது வேண்டியதே. ஆயினும் வானம் இலவசமாகத் தரும் நன்னீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அக்கடலிலிருந்தே பணங்கொடுத்து நன்னீரை மீட்கும் எம்மைப் பார்த்துத் தூசானின் கள்ளிச்செடியும் நகைக்கும். முல்லை திரிந்து பாலையாவது இவ்வாறேயன்றோ?

ஆகவே, "அவன் போகும் ஊர் சரியான ஊரே, அக்கா. தண்ணீர் நிறைந்த ஊரில் தண்ணீரைப் படிக்க ஏலாது" என்றோம்.

அன்னையார் தலையசைத்தார். ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, "எல்லாஞ் சரி மாஸ்டர். படிச்சு முடிச்சால் திரும்பி வருவானோ?" என்றார்.

இவ்வளவு நேரமும் அவர் கேட்க வந்த கேள்வி இதுவே என்பது எமக்கு அப்போதுதான் விளங்கிற்று. வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் எத்தனையோ அங்குலமும் பாகையும் சொல்லிவிட்டோம். இதற்கு எம்மிடம் விடையில்லை. எம்மிடம் கற்றுச் சென்றவர்களுள் வந்தவரும் உளர், வாராதவரும் உளர். அவன் வருவான் என்று சொல்வது எளிது. அன்று எம் நா எழவில்லை.

அவரும் விடையை எதிர்பாராதவர் போல எழுந்தார். படலை வரை கூடவே சென்றோம். படலையைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"நீங்கள் சொன்னால் கேப்பான், மாஸ்டர். போறதுக்கு முன்னம் எங்கடை வீட்டுக் கூரைக்குப் பீலி போட்டு, மழைத் தண்ணியைக் கிணத்தடிப் பக்கமாய் ஒரு கிடங்குக்கு விட்டுப்போட்டுப் போகச் சொல்லுங்கோ. அவன் வந்தாலும் வராட்டிலும் கிணறு இஞ்சைதானே இருக்கப்போகுது."

மறுநாட் காலையிலேயே பையனை அழைத்துச் சொன்னோம். அவன் அளவுநாடாவோடு வந்திருந்தான். தாயார் முந்திக்கொண்டார் போலும். கூரையின் நீளம் 42 அடி, அகலம் 24 அடி. பன்னிரண்டு அங்குல மழைக்கு எத்தனை கலன் நீர் சேரும், ஐம்பது அங்குலத்துக்கு எத்தனை என்று எமது விறாந்தையில் இருந்தே கணக்கிட்டான். எம்மிடம் கற்கும் சிறுவரும் இக்கணக்கைத் தத்தம் வீட்டுக் கூரைக்குச் செய்து பார்ப்பார்களாக. பயணம் ஆவணியில், மாரி பிறப்பது ஐப்பசியில். பீலி வேலை வருகின்ற கிழமை தொடங்குகின்றது.